நிறைமாதக் குழந்தைக்கும் மூச்சுத்திணறல் ஏன்? மரபணுவைச் சந்தேகிக்க வேண்டிய தருணங்கள்

பிறந்த குழந்தைக்கு மூச்சு வாங்குகிறது என்றதும் வார்டு வாசலில் கேட்கும் பேச்சு பெரும்பாலும் இரண்டுதான்: "பனிக்குடத் தண்ணியைக் குடிச்சிருச்சாம்", "வயித்துக்குள்ளயே மலம் போய் அதை முழுங்கிருச்சாம்." பல குழந்தைகளுக்கு அது உண்மையும்கூட. சில நாள் ஆக்சிஜன், சி-பாப் (மூக்கு வழியே அழுத்தத்தோடு காற்று செலுத்தும் கருவி), ஆன்டிபயாடிக் கொடுத்துத் தேற்றி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். சிலருக்கு மட்டும் ஒரு வாரம் கடந்தும் வென்டிலேட்டரை எடுக்க முடிவதில்லை. அப்போது மருத்துவர், "ஒரு ஜெனடிக் டெஸ்ட் அனுப்பிப் பார்க்கலாம்" என்கிறார். "எங்க ரெண்டு பேர் குடும்பத்துலயும் இப்படி யாருக்கும் இல்லையே" என்று பெற்றோர் திகைத்துப் போகிறார்கள்.

குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்பது மரபணுக் காரணத்தை மறுத்துவிடாது. அது ஏன், எந்த மரபணு பழுதானால் மூச்சு எந்த விதத்தில் கெடும், சோதனைக்கு ரத்தம் எப்போது எடுக்க வேண்டும் என்ற மூன்றும் பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூன்றில் கடைசிதான் அவசரமானது. தவறவிட்டால் அந்த ரத்தம் திரும்பக் கிடைக்காது.

முதல் மூச்சில் நடப்பது

கருப்பையில் குழந்தையின் நுரையீரல் காற்றால் அல்ல, நீரால் நிரம்பியிருக்கிறது. அந்த நீரை நுரையீரலே சுரக்கிறது. பிரசவ வலி தொடங்கியதும் ஹார்மோன்களின் தூண்டுதலால் நுரையீரலின் உட்சுவர் நீரைச் சுரப்பதை நிறுத்தி, உறிஞ்சத் தொடங்குகிறது. தொப்புள்கொடி துண்டிக்கப்படும் நேரத்தில் மூன்று வேலைகள் ஒன்றாக நடந்தாக வேண்டும்.

1. நீர் வெளியேறி, காற்று நுண்ணறைகள் விரிய வேண்டும். மூச்சை வெளியே விட்ட பிறகும் அவை சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் நிற்க வேண்டும்.
2. அதுவரை இறுகிக் கிடந்த நுரையீரல் ரத்தக்குழாய்கள் தளர்ந்து, ரத்தம் நுரையீரலுக்குள் பாய வேண்டும்.
3. மூளை இடைவிடாமல் மூச்சுக்கு ஆணையிட வேண்டும். நரம்பும் தசையும் அதை நிறைவேற்ற வேண்டும். மூக்கு முதல் மூச்சுக்குழல் வரை வழி திறந்திருக்க வேண்டும்.

இந்த மூன்றில் எது தவறினாலும் வெளியே தெரிவது ஏறக்குறைய ஒன்றுதான். நிமிடத்துக்கு 40 முதல் 60 வரை இருக்க வேண்டிய மூச்சு 60-ஐத் தாண்டும். மூக்குத் துவாரம் விரியும். விலா எலும்புகளுக்கு இடையிலும் நெஞ்செலும்புக்குக் கீழும் குழி விழும். மூச்சை விடும்போது முனகல் கேட்கும். அந்த முனகல் அழுகை அல்ல. நுண்ணறைகள் சுருங்கிவிடாமல் இருக்கக் குழந்தை தன் குரல்வளையைப் பாதி மூடிக் காற்றைத் தேக்கி வைக்க முயலும்போது எழும் ஒலி அது.

வழக்கமான காரணங்கள் முதலில்

மரபணுவைத் தேடுவதற்கு முன் இவற்றைப் பார்த்து முடித்திருக்க வேண்டும். நுரையீரல் நீர் உறிஞ்சப்படத் தாமதமாவது. இது பிரசவ வலி வராமலேயே, 39 வாரத்துக்கு முன் திட்டமிட்டு சிசேரியன் செய்த குழந்தைகளிடம் அதிகம், பெரும்பாலும் 24 முதல் 72 மணி நேரத்தில் சரியாகிவிடும். நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற படலம் குறைமாதத்தால் பற்றாமல் போவது. மலம் கலந்த நீர் நுரையீரலுக்குள் போவது. நிமோனியா, ரத்தத்தில் கிருமித் தொற்று. நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிவது. பிறவி இதயக் கோளாறு. உதரவிதானத்தில் ஓட்டை. ஒரு எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, ரத்த வாயு அளவு, எக்கோ இந்த நான்கும் சேர்ந்தால் இவற்றில் பெரும்பாலானவற்றைப் பிரித்தறிந்துவிடலாம்.

குறைமாதம் வேறு, மரபணுப் பழுது வேறு

இந்த இடத்தில்தான் பலருக்கும் குழப்பம் வருகிறது. சர்ஃபாக்டன்ட் என்பது நுண்ணறைகளின் உட்சுவரில் படரும் வழுவழுப்பான ஒரு படலம். எடையில் ஏறக்குறைய 90 சதவீதம் கொழுப்பு, மீதி புரதம். அது ஏன் தேவை என்பதைச் சோப்புக் குமிழியில் பார்க்கலாம். ஒரு குழாயின் இரு முனைகளிலும் சிறிதும் பெரிதுமாக இரண்டு குமிழிகளை ஊதி, நடுவிலுள்ள வழியைத் திறந்துவிட்டால் இரண்டும் சம அளவுக்கு வராது. சிறியதில் அழுத்தம் அதிகம் என்பதால் அது சுருங்கி, தன் காற்றையெல்லாம் பெரியதற்குக் கொடுத்துவிட்டு மறைந்துபோகும். சர்ஃபாக்டன்ட் இல்லாத நுரையீரலிலும் இதே கதைதான். சிறிய நுண்ணறைகள் ஒட்டிக்கொள்கின்றன, பெரியவை ஊதிப்போகின்றன. ஒவ்வொரு மூச்சும் முதல் மூச்சைப் போலப் பெரும் உழைப்பாகிவிடுகிறது.

குறைமாதக் குழந்தைகளின் மூச்சுத்திணறலுக்கு இந்தப் பற்றாக்குறைதான் காரணம் என்று 1959-ல் மேரி எலன் ஏவரியும் ஜெர் மீடும் காட்டினார்கள். 1963-ல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, 39 மணி நேரத்தில் இறந்தது இதே நோயால்தான். வெளியிலிருந்து சர்ஃபாக்டன்டை மூச்சுக்குழலில் செலுத்திக் குழந்தைகளைக் காப்பாற்ற முடியும் என்று ஜப்பானின் ஃபுஜிவாரா குழு 1980-ல் நிரூபித்தது.

குறைமாதக் குழந்தையிடம் சர்ஃபாக்டன்ட் மரபணுக்கள் நல்ல நிலையில்தான் இருக்கின்றன. அவை முழு வேகத்தில் இயங்க வேண்டிய காலம் வரவில்லை, அவ்வளவுதான். கருவின் சுமார் 24-வது வாரத்தில் தொடங்கும் உற்பத்தி, 34, 35 வாரத்தில்தான் போதுமான அளவை எட்டுகிறது. முன்கூட்டியே பிரசவம் ஆகும் என்று தெரிந்தால் தாய்க்கு டெக்சாமெத்தசோன் 6 மில்லிகிராம் வீதம் 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசியோ, பீட்டாமெத்தசோன் 12 மில்லிகிராம் வீதம் 24 மணி இடைவெளியில் இரண்டு ஊசியோ போடுவது அந்த மரபணுக்களைச் சீக்கிரம் முடுக்கிவிடத்தான். இந்தக் குழந்தைக்கு ஒன்றிரண்டு முறை சர்ஃபாக்டன்ட் கொடுத்தால், சில நாட்களில் அதன் நுரையீரலே தயாரிக்கத் தொடங்கிவிடும்.

மரபணு பழுதான குழந்தைக்கு அந்த "சில நாட்கள்" வருவதே இல்லை. 39 வாரம் நிறைந்து, மூன்று கிலோ எடையோடு பிறந்த குழந்தையின் எக்ஸ்ரே 30 வாரக் குழந்தையுடையது போலப் பனிமூட்டமாக, தேய்த்த கண்ணாடி போல இருக்கும். அந்தப் பொருத்தமின்மைதான் முதல் துப்பு.

சர்ஃபாக்டன்ட் உற்பத்தியில் பழுதாகும் நான்கு மரபணுக்கள்

நுண்ணறைச் சுவரில் இரண்டாம் வகைச் செல்கள் என்று ஒரு ரகம் உண்டு. அவைதான் சர்ஃபாக்டன்டைத் தயாரித்து, அடுக்கடுக்கான சிறு பொதிகளாகக் கட்டி, வெளியே அனுப்புகின்றன. தயாரிப்பு, பொதி கட்டுவது, மேற்பார்வை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மரபணு.

1. எஸ்எஃப்டிபிபி. சர்ஃபாக்டன்ட் பி புரதத்துக்கான மரபணு, 2-வது குரோமோசோமில் உள்ளது. படலம் சீராகப் பரவுவதற்கு இந்தப் புரதம் இல்லாமல் முடியாது. இது முற்றிலும் இல்லாத குழந்தைகளைப் பற்றி முதன்முதலில் 1993-ல் விவரித்தார்கள். பிறந்த சில மணி நேரத்திலேயே கடும் திணறல் தொடங்கும். வெளியிலிருந்து சர்ஃபாக்டன்ட் கொடுத்தால் சிறிது நேரம் தேறி, மீண்டும் பழைய நிலைக்குப் போகும். நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சை ஒன்றே வழி. அது நடக்காவிட்டால் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் உயிர் பிரிந்துவிடுகிறது.

2. ஏபிசிஏ3. இந்த வகையில் மிகுதியாகக் காணப்படுவது இதுதான். 16-வது குரோமோசோமில் உள்ள இந்த மரபணு, கொழுப்பைப் பொதிக்குள் ஏற்றும் பம்ப்பை உருவாக்குகிறது. பம்ப் வேலை செய்யாவிட்டால் பொதிகள் நிரம்புவதில்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், அடுக்கடுக்காக இருக்க வேண்டிய பொதிக்குள் ஓரமாக ஒரு கருத்த உருண்டை மட்டும் கிடக்கும். பார்ப்பதற்கு ஆஃப்பாயில் மாதிரி. நோய்க்கும் இந்த மரபணுவுக்கும் உள்ள தொடர்பு 2004-ல் தெரியவந்தது. ஒவ்வொரு மரபணுவும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரு பிரதிகளாக இருக்கும். இரு பிரதிகளும் முற்றிலும் செயலற்றுப் போயிருந்தால் நோய் எஸ்எஃப்டிபிபி பழுது போலவே கொடியது. ஒரு பிரதியாவது ஓரளவு வேலை செய்தால் குழந்தை பிழைத்து, பின்னாளில் நாள்பட்ட நுரையீரல் நோயோடு வளரக்கூடும். ஆகவே "ஏபிசிஏ3" என்ற பெயரைப் பார்த்ததுமே நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. எந்த இடத்தில், எத்தகைய மாற்றம் என்பதுதான் விளைவைத் தீர்மானிக்கிறது.

3. எஸ்எஃப்டிபிசி. சர்ஃபாக்டன்ட் சி புரதத்துக்கானது. மேலே சொன்ன இரண்டிலும் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் நோய். இதில் ஒரே ஒரு பிரதி பழுதானாலே போதும். தவறாக மடிந்த புரதம் செல்லுக்குள்ளேயே தேங்கி அதை நச்சுப்படுத்துகிறது. பிறந்தவுடன் தெரிவதைவிடச் சில மாதங்கள் கழித்துத் தலைகாட்டுவதே அதிகம். ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த மாற்றம் குழந்தையிடம் புதிதாகத் தோன்றியது. மீதிப் பேருக்குப் பெற்றோரிடமிருந்து வந்தது. அந்தப் பெற்றோர் லேசான மூச்சிரைப்போடு மட்டும் இருக்கலாம், எதுவுமே இல்லாமலும் இருக்கலாம்.

4. என்கேஎக்ஸ்2-1. மேற்பார்வையாளர் வேலை பார்க்கும் மரபணு. நுரையீரல், தைராய்டு, மூளை மூன்றின் வளர்ச்சியிலும் இதற்குப் பங்குண்டு. மூச்சுத்திணறலோடு குதிகால் ரத்தச் சோதனையில் தைராய்டுக் குறைவைக் காட்டும் டிஎஸ்எச் ஹார்மோன் அதிகமாக இருந்தால் இதை நினைக்க வேண்டும். தசைத் தளர்ச்சியும், வளர வளரக் கை கால்கள் தானாக அசைவதும் சேர்ந்து வரலாம். மூன்றும் எல்லோரிடமும் ஒன்றாக வருவதில்லை.

ஸ்டீராய்டு, ஹைட்ராக்சிகுளோரோகுவின், அசித்ரோமைசின் போன்றவற்றை இந்தக் குழந்தைகளுக்கு முயன்று பார்க்கிறார்கள். சிலருக்குப் பலன் தெரிகிறது. உறுதியாக நம்பும் அளவுக்குச் சான்று இன்னும் சேரவில்லை.

ரத்தக்குழாய்களே தவறாக அமைந்தால்

சில குழந்தைகளுக்கு எக்ஸ்ரே ஏறக்குறைய சுத்தமாக இருக்கும். உடல் மட்டும் நீலம் பாரித்துக்கொண்டே போகும். எக்கோவில் நுரையீரல் ரத்த அழுத்தம் மிக அதிகம் என்று தெரியும். நுரையீரல் ரத்தக்குழாய்களைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடு வாயு கொடுத்தால் சில மணி நேரம் தேறும், பிறகு கைவிட்டுவிடும். பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்தில் தொடங்கும் இந்த வரிசை, நுண்ணறைத் தந்துகிகள் சரியாக உருவாகாத ஒரு பிறவிக் கோளாறைச் சுட்டக்கூடும். நுரையீரல் திசுவைச் சிறிது எடுத்துப் பார்த்தால், தனி வழியே போக வேண்டிய சிரைகள் தமனிகளோடு ஒட்டிக்கொண்டு ஒரே கட்டில் ஓடுவது தெரியும். தந்துகிகளோ காற்றறைச் சுவரைத் தொடாமல் தூரத்தில் கிடக்கும். காற்று வருகிறது, ரத்தமும் வருகிறது, இரண்டும் சந்திப்பதில்லை.

இதற்குக் காரணமான ஃபாக்ஸ்எஃப்1 மரபணு 2009-ல் கண்டறியப்பட்டது. பெரும்பாலும் குழந்தையிடம் புதிதாகத் தோன்றும் மாற்றம் இது. இதயம், குடல், சிறுநீர்ப் பாதையிலும் பிறவிக் குறைகள் கூடவே இருந்தால் சந்தேகம் வலுக்கும். அரிதான விதிவிலக்குகளைத் தவிர்த்தால், இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் முதல் மாதத்தைத் தாண்டுவதில்லை. அதை மறைக்காமல் பெற்றோரிடம் சொல்வதே அவர்களுக்குச் செய்யும் நியாயம். நாளுக்கு நாள் சிகிச்சையைத் தீவிரமாக்கிக்கொண்டே போவதா, வலியில்லாமல் தாயின் மடியில் இருக்க விடுவதா என்ற முடிவை எடுக்க அவர்களுக்கு அந்த உண்மை தேவை.

நேரம் தப்பித் தொடங்கும் திணறல்: சிலியா கோளாறு

நீர் உறிஞ்சத் தாமதமாகும் குழந்தைக்குப் பிறந்த உடனேயே மூச்சு வாங்கும். ஒரு குழந்தை பிறந்து அரை நாள், ஒரு நாள் நன்றாக இருந்துவிட்டு, பிறகு ஆக்சிஜன் கேட்கத் தொடங்கினால், தொற்று இல்லை என்று உறுதியான பின் சிலியாவை நினைக்க வேண்டும். மூச்சுக்குழலின் உட்புறம் துடுப்புப் போல அசைந்து சளியை மேலே தள்ளும் நுண்ணிய மயிரிழைகள்தான் சிலியா. அவை அசையாவிட்டால் நுரையீரலின் ஒரு பகுதி, பெரும்பாலும் மேல் மடல், அடைபட்டுச் சுருங்கும். ஆக்சிஜன் தேவை நாட்கணக்கிலும் வாரக்கணக்கிலும் நீளும்.

கருவில் உறுப்புகள் எந்தப் பக்கம் அமைய வேண்டும் என்பதை முடிவு செய்வதிலும் சிலியாவுக்குப் பங்கு இருக்கிறது. ஆகவே இந்த நோயுள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயம் வலப்பக்கம், கல்லீரல் இடப்பக்கம் என்று எல்லாம் மாறி இருக்கும். எக்ஸ்ரேயில் இதயம் வலப்பக்கம் தெரிந்தால், "ஃபிலிமைத் திருப்பி வைத்துவிட்டார்கள்" என்று கடந்துவிடாமல் ஒருமுறை உறுதிசெய்ய வேண்டும். டிஎன்ஏஎச்5, டிஎன்ஏஐ1 உட்பட 50-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் இதில் சம்பந்தப்பட்டவை. இது உடனே உயிரைப் பறிக்கும் நோய் அல்ல. சீக்கிரம் கண்டுபிடித்து நெஞ்சு பிசியோதெரபியும் தொற்றுகளுக்கு உடனடிச் சிகிச்சையும் தொடங்கினால் நுரையீரலைப் பல ஆண்டுகள் காப்பாற்றலாம். அதனால்தான் தவறவிடக் கூடாத நோயறிதல் இது.

நுரையீரலில் பழுதே இல்லாமலும் மூச்சு நிற்கலாம்

மூளையின் ஆணை தவறுவது. குழந்தை விழித்திருக்கும்போது இயல்பாக இருக்கிறது. தூங்கியதும் மூச்சு ஆழமிழக்கிறது, கார்பன் டைஆக்சைடு ஏறுகிறது. திணறலோ, நெஞ்சில் குழியோ, பதற்றமோ எதுவும் இல்லை. அந்த அமைதிதான் ஆபத்து. ரத்தத்தில் வாயு மாறிவிட்டது என்று மூளைக்கே தெரியவில்லை. பிஎச்ஓஎக்ஸ்2பி மரபணுவின் மாற்றமே இதற்குக் காரணம் என்று 2003-ல் தெரியவந்தது. அந்த மரபணுவில் அலனின் என்ற அமினோ அமிலத்துக்கான தொடர் வழக்கமாக 20 முறை வரும். நோயுள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு ஒரு பிரதியில் அது 24 முதல் 33 முறை வரை நீண்டிருக்கும். நீளம் கூடினால் வென்டிலேட்டர் தேவையும் கூடும். ஐந்தில் ஒருவருக்குப் பெருங்குடலில் நரம்பணுக்கள் இல்லாத கோளாறும் சேர்ந்து வருவதால், மூச்சுப் பிரச்சினையோடு வயிறு உப்பி மலமும் போகவில்லை என்றால் இரண்டையும் இணைத்துப் பார்க்க வேண்டும். பேச்சில் இதையும் முன்பு சொன்ன ஃபாக்ஸ்எஃப்1-ஐயும் "ஃபாக்ஸ்" என்றே சொல்வார்கள். இரண்டும் முற்றிலும் வேறு. அறிக்கையில் எழுத்துகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் குழந்தைகள் தூக்கத்தில் வென்டிலேட்டர் துணையோடு வளர்ந்து, படித்து, பெரியவர்களாகவும் ஆகிறார்கள்.

தசையும் நரம்பும் தளர்வது. துணிபோலத் துவண்டு கிடக்கும் குழந்தை, மூச்சை இழுக்கும்போது வயிறு எழும்பி நெஞ்சு உள்ளே போவது, கருவில் அசைவு குறைவாக இருந்தது என்று தாய் சொல்வது இவை எஸ்எம்என்1 மரபணு இழப்பால் வரும் முதுகுத்தண்டு தசைச் சிதைவைக் குறிக்கலாம். இதற்கு இப்போது மருந்துகள் உண்டு. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு பலன் என்பதால் இங்கே ஒவ்வொரு வாரமும் கணக்கு. ஆண் குழந்தை என்றால், பெரும்பாலும் ஆண்களைத் தாக்கும் ஒரு தசைநோய்க்குக் காரணமான எம்டிஎம்1 மரபணுவையும் நினைக்க வேண்டும்.

இன்னொரு நோயில் துப்பு குழந்தையிடம் இல்லை, தாயிடம் இருக்கிறது. பிறவி மையோடோனிக் தசைநோய் ஏறக்குறைய எப்போதும் தாய் வழியாகவே வருகிறது. டிஎம்பிகே மரபணுவில் சிடிஜி என்ற மூன்றெழுத்துத் தொடர் இயல்பாக 5 முதல் 34 முறை இருக்கும். இந்தக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் ஆயிரத்தைத் தாண்டும். குழந்தை கருவில் விழுங்காததால் பனிக்குட நீர் அதிகமாக இருந்திருக்கும். தாய்க்கோ தனக்கு ஏதும் இருப்பதே தெரியாது. அவர் கையைப் பிடித்து, "இறுக்கிப் பிடிங்கம்மா, இப்ப சட்டுனு விடுங்க" என்று சொல்லிப் பார்த்தால், விரல்கள் உடனே விரியாமல் மெல்ல மெல்லப் பிரியும். அரை நிமிடச் சோதனை. செலவு ஏதும் இல்லை.

வழி அடைபடுவது. சும்மா இருக்கும்போது நீலமாகி, அழுதால் சிவக்கும் குழந்தைக்கு மூக்கின் பின்வாசல் மூடியிருக்கலாம். 6 ஃப்ரெஞ்ச் அளவு மெல்லிய குழாயை இரு நாசியிலும் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். கண், காது, இதயக் குறைகளும் இருந்தால் சிஎச்டி7 மரபணுவைப் பார்க்க வேண்டும். தாடை சிறுத்து நாக்கு பின்னே விழும் குழந்தையைக் குப்புறப் படுக்க வைத்தாலே பாதித் திணறல் குறையும். அதன் பின்னணியிலும் சில வேளை மரபணு இருக்கும்.

வளர்சிதை மாற்றக் கோளாறு. நுரையீரல் சுத்தம், ஆக்சிஜன் அளவும் சரி. மூச்சு மட்டும் வேகமாக ஓடுகிறது, பால் குடிக்க மறுக்கிறது, மயங்குகிறது என்றால் ரத்தத்தில் அமோனியாவும் லாக்டேட்டும் உடனே பார்க்க வேண்டும். புரதக் கழிவான அமோனியாவை உடல் வெளியேற்ற முடியாத யூரியா சுழற்சிக் கோளாறில், அந்த அமோனியா மூளையைத் தூண்டி மூச்சை விரட்டுகிறது. இதை நிமோனியா என்று நினைத்து இரண்டு நாள் ஆன்டிபயாடிக் கொடுத்தால் மூளை போய்விடும். இந்தக் கட்டுரையில் சொல்லப்படும் நோய்களில் மணிக்கணக்கில் செயல்பட வேண்டியது இதுதான்.

எப்போது சந்தேகிக்க வேண்டும்

1. 37 வாரம் கடந்து பிறந்தும், தாய்க்கு நீரிழிவோ குழந்தைக்குத் தொற்றோ இல்லாமலும், குறைமாத நுரையீரல் போன்ற எக்ஸ்ரே.
2. சர்ஃபாக்டன்ட் கொடுத்ததும் தேறி, சில மணி நேரத்தில் மீண்டும் பழைய நிலை. இரண்டாவது முறையும் அப்படியே.
3. 7 முதல் 10 நாட்கள் ஆகியும் வென்டிலேட்டர் அளவுகள் குறையாதது.
4. எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும் நைட்ரிக் ஆக்சைடுக்கு நிலையாகக் கட்டுப்படாத நுரையீரல் ரத்த அழுத்தம்.
5. முந்தைய குழந்தை ஒன்று மூச்சுத்திணறலால் பிறந்த சில நாட்களிலோ வாரங்களிலோ இறந்தது. "அது குறைமாதம்தான்" என்று சொன்னால் எத்தனையாவது வாரம் என்று கேட்டுக் குறிக்க வேண்டும்.
6. தூக்கத்தில் மட்டும் ஏறும் கார்பன் டைஆக்சைடு, துவண்ட உடல், பக்கம் மாறிய உறுப்புகள், தைராய்டுக் குறைவு இவற்றில் ஏதாவது ஒன்று.

சொந்தத்தில் திருமணம்: கணக்கு என்ன சொல்கிறது

2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுத் திருமணங்களில் நான்கில் ஒன்றுக்கு மேல் உறவுக்குள் நடந்தவை. இதைக் குற்றச்சாட்டாகப் பேசுவதால் யாருக்கும் பயனில்லை. எண்களைப் பார்ப்பது பயன் தரும்.

ஒரு பிரதி பழுதாகவும் மற்றது நன்றாகவும் உள்ளவரைக் கடத்தி என்கிறோம். அவருக்கு நோய் இருக்காது. கணக்குக்காக, ஒரு குறிப்பிட்ட மரபணுவுக்கு நூறு பேரில் ஒருவர் கடத்தி என்று வைத்துக்கொள்வோம்.

உறவில்லாத தம்பதி: கணவர் கடத்தியாக இருக்க நூறில் ஒன்று, மனைவிக்கும் நூறில் ஒன்று, இருவரின் பழுதான பிரதியும் குழந்தைக்கு வர நான்கில் ஒன்று. பெருக்கினால் 40,000-ல் ஒன்று.

அத்தை மகன், மாமன் மகள்: ஒருவர் கடத்தி என்றால் மற்றவருக்கும் அதே பிரதி இருக்க எட்டில் ஒன்று. 3,200-ல் ஒன்று.

தாய்மாமனும் அக்காள் மகளும்: எட்டில் ஒன்று என்பது இங்கே நான்கில் ஒன்றாகிறது. 1,600-ல் ஒன்று.

ஒரு மரபணுவைப் பொறுத்தவரை அபாயம் இருபத்தைந்து மடங்கு கூடுகிறது. அப்படியும் 1,600-ல் 1,599 குழந்தைகளுக்கு அந்த நோய் இல்லை. இரண்டும் ஒருசேர உண்மை. "எங்க பாட்டி காலத்துலேருந்து மாமனைத்தானே கட்டுறோம், ஒண்ணும் ஆகலையே" என்பது இதனால்தான் பல வீடுகளில் சரியாக இருக்கிறது. அதே நேரம், இந்தக் கூடுதல் அபாயம் எஸ்எஃப்டிபிபி, ஏபிசிஏ3, சிலியா கோளாறு போன்ற இரு பிரதியும் பழுதாக வேண்டிய நோய்களுக்குத்தான். ஃபாக்ஸ்எஃப்1, பிஎச்ஓஎக்ஸ்2பி போன்றவை பெரும்பாலும் புதிதாகத் தோன்றுவதால் அந்நியத்தில் கட்டியவர்களுக்கும் அதே அளவு வரலாம்.

எந்தப் பரிசோதனை எதைப் பிடிக்கும், எதை விடும்

இப்போது பெரும்பாலும் அனுப்பப்படுவது எக்ஸோம் சோதனை. புரதத்துக்கான குறிப்புகள் உள்ள பகுதிகளை எல்லா மரபணுக்களிலும் ஒரே மூச்சில் படிக்கிறது. குழந்தையோடு தாய் தந்தை ரத்தத்தையும் சேர்த்து மூவருக்கும் செய்தால், எது புதிது, எது யாரிடமிருந்து வந்தது என்று உடனே தெரியும். ஆனால் "எக்ஸோமில் ஒன்றும் இல்லை" என்பதை "மரபணுக் காரணம் இல்லை" என்று படிக்கக் கூடாது. காரணங்கள் இவை:

1. பிஎச்ஓஎக்ஸ்2பி நீட்சியும் டிஎம்பிகே நீட்சியும் எக்ஸோமில் ஒழுங்காகப் படாது. இரண்டுக்கும் தனிச் சோதனை கேட்க வேண்டும்.
2. எஸ்எம்என்1 இழப்பைக் காண எம்எல்பிஏ என்ற சோதனை வேண்டும். பக்கத்திலேயே ஏறக்குறைய அச்சு அசலான எஸ்எம்என்2 இருப்பதால் எக்ஸோம் குழம்பிவிடும்.
3. ஃபாக்ஸ்எஃப்1-ல் பல வேளைகளில் மரபணு நன்றாகவே இருக்கும். அதற்குச் சற்றுத் தொலைவில் உள்ள இயக்குப் பகுதி அறுந்து போயிருக்கும். அதைக் குரோமோசோம் மைக்ரோஅரே அல்லது முழு மரபணுத்தொகுதிச் சோதனைதான் காட்டும்.

படிவத்தில் "மூச்சுத்திணறல்" என்று மட்டும் எழுதி அனுப்புவது பெரிய தவறு. எத்தனை வாரம், எப்போது தொடங்கியது, எக்ஸ்ரே எப்படி, சர்ஃபாக்டன்ட் எத்தனை முறை, டிஎஸ்எச் எவ்வளவு, உறவுமுறைத் திருமணமா என்று ஐந்தாறு வரி எழுதினால் ஆய்வகம் சரியான இடத்தில் உற்றுப் பார்க்கும்.

அறிக்கையில் "முக்கியத்துவம் தெளிவற்ற மாற்றம்", சுருக்கமாக வியூஎஸ், என்று வந்தால் அது நோயறிதல் அல்ல. அதை வைத்து அடுத்த கர்ப்பத்தில் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. பெற்றோரைச் சோதித்து, மரபணு ஆலோசகரோடு பேசி, ஓரிரு ஆண்டுகளுக்குப் பிறகு மறுபரிசீலனை கேட்கலாம்.

குழந்தை பிழைக்காது என்று தெரிந்தாலும் ரத்தம் எடுத்து வையுங்கள்

இதை எழுதக் கடினமாகத்தான் இருக்கிறது. ஆனால் மிக அடிக்கடி தவறுவது இதுதான். உயிருக்குப் போராடும் நேரத்தில் மரபணுவைப் பற்றி யாரும் பேச விரும்புவதில்லை. சில நாளில் குழந்தை இறந்துவிடுகிறது. ஆறு மாதம் கழித்து, "அடுத்த குழந்தைக்கும் இப்படி ஆகுமா?" என்ற கேள்வியோடு பெற்றோர் வருகிறார்கள். சோதிக்க எதுவும் மிச்சமில்லை.

1. ஈடிடிஏ கலந்த, ஊதா மூடிக் குப்பியில் 1 முதல் 2 மில்லி ரத்தம் போதும். மெதுவாக எட்டு முறை கவிழ்த்துக் கலக்க வேண்டும். உறைந்துவிட்டால் பயன் குறையும்.
2. முடிந்தவரை ரத்தம் ஏற்றுவதற்கு முன்பே எடுக்க வேண்டும். ஏற்றிய ரத்தத்தில் கொடையாளியின் வெள்ளணுக்கள் இருந்தால் முடிவு குழம்பலாம். ஏற்றிவிட்டிருந்தால் அதைப் படிவத்தில் தேதியோடு எழுத வேண்டும்.
3. உடனே அனுப்ப முடியாவிட்டால் சாதாரண ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில் சில நாள் வைக்கலாம். டிஎன்ஏவைப் பிரித்துச் சேமித்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் இருக்கும். சோதனைக்கு இப்போது பணம் இல்லை என்றாலும் சேமித்து வைக்கச் சொல்லிக் கேட்கலாம்.
4. வடிதாளில் நான்கைந்து சொட்டு ரத்தத்தை உலர வைத்துக் காகித உறையில் வைத்தாலும் பயன்படும்.
5. பெற்றோர் சம்மதித்தால் இறப்புக்குப் பின் கூடிய விரைவில் நுரையீரலில் சிறு துண்டு எடுக்கலாம். ஒரு பகுதி ஃபார்மலினிலும், எலக்ட்ரான் நுண்ணோக்கிக்காக மறு பகுதி குளூட்டரால்டிஹைடிலும் போக வேண்டும். எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் ஆஃப்பாயில் உருவங்களைத் தெளிவாகப் பார்க்க முடியாது.

குழந்தையின் மாதிரி கிடைக்காமலே போய்விட்டால், பெற்றோர் இருவருக்கும் எக்ஸோம் செய்து, ஒரே மரபணுவில் இருவருமே கடத்தியா என்று தேடலாம். ஏபிசிஏ3 போன்ற நோய்களுக்கு இது கைகொடுக்கும். புதிதாகத் தோன்றிய மாற்றத்தை இந்த வழியில் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் அது பெற்றோரிடம் இல்லை.

அடுத்த கர்ப்பம்

இரு பெற்றோரும் கடத்தி என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 சதவீத வாய்ப்பு. "ஒண்ணுக்கு வந்துருச்சு, இனி மூணு நல்லாப் பிறக்கும்" என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, ஒவ்வொரு முறையும் சீட்டைப் புதிதாகக் குலுக்குகிறோம். புதிதாகத் தோன்றிய மாற்றம் என்றால் சுமார் ஒரு சதவீதம். பெற்றோரின் விந்தணு அல்லது கருமுட்டைகளில் சிலவற்றில் மட்டும் அந்த மாற்றம் ஒளிந்திருக்கலாம் என்பதால் பூஜ்யம் என்று சொல்வதில்லை. தாய் எம்டிஎம்1 கடத்தி என்றால் பிறக்கும் ஆண் குழந்தைகளில் பாதிப் பேருக்கு வரலாம்.

குடும்பத்தின் மாற்றம் இன்னது என்று எழுத்தில் இருந்தால், 11 முதல் 13 வாரத்தில் நஞ்சுக்கொடித் திசுவிலோ, 16 வாரத்துக்குப் பின் பனிக்குட நீரிலோ அதை மட்டும் தேடலாம். 1994-ம் ஆண்டின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டம் இதைத் தடுக்கவில்லை; பதிவு பெற்ற மையங்களில் மரபணு நோய்க்கான சோதனையை அது அனுமதிக்கிறது, பாலினத்தைச் சொல்வதைத்தான் தடுக்கிறது. கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தப்படி, கருவில் கடுமையான குறைபாடு இருப்பதாக மருத்துவ வாரியம் கண்டறிந்தால் 24 வார வரம்பு பொருந்தாது. கருத்தரிக்கும் முன்பே முடிவு தெரிய வேண்டும் என்பவர்களுக்குச் சோதனைக் குழாய் முறையில் கருவைச் சோதித்து வைக்கும் வழியும் உண்டு.

எக்ஸோம் முடிவு வர வழக்கமாகச் சில வாரங்கள் ஆகும். பெற்றோரின் மாதிரியில் உறுதி செய்ய மேலும் சில நாள் பிடிக்கும். கர்ப்பம் உறுதியான பிறகு எட்டாவது வாரத்தில் இதைத் தொடங்கினால் நஞ்சுக்கொடித் திசு எடுக்கும் காலம் தாண்டிவிடக்கூடும். ஆலோசகரைப் பார்க்கும்போது குழந்தையின் டிஸ்சார்ஜ் அல்லது இறப்புச் சுருக்கம், எக்ஸ்ரேக்கள், எக்கோ அறிக்கை, மரபணு அறிக்கையின் எல்லாப் பக்கங்கள், இரு வீட்டுப் பக்கமும் மூன்று தலைமுறை உறவு வரைபடம், சிறுவயதில் இறந்த குழந்தைகளின் விவரம் இவற்றை எடுத்துப் போங்கள். மரபணு அறிக்கையில் முதல் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுக்க வேண்டாம். கருவில் தேட வேண்டிய மாற்றத்தின் முழு முகவரி சில வேளை இரண்டாவது, மூன்றாவது பக்க அட்டவணையில்தான் இருக்கிறது.